இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் ஐயர்

பத்தாம் வகுப்பு மாணவி

சாந்தோம் பேராலயத்தில் திருப்பலி கண்டுவிட்டுக் கடற்கரைச் சாலை வழியே வடக்கு நோக்கி நடந்தால், தமிழுக்குத் தொண்டாற்றிய சான்றோரின் சிலைகள் நம்மை வரவேற்கின்றன. திருவள்ளுவர், ஔவையார், கம்பர், பாரதியார், பாரதிதாசன் என்று நம் நாட்டுப் பெரியோர் நிற்கும் அவ்வரிசையில், கடல் கடந்து வந்த மூவருக்கும் இடம் கிடைத்திருக்கிறது. ஒருவர் நம் கத்தோலிக்கத் திருச்சபையின் இயேசு சபைத் துறவியான வீரமாமுனிவர். மற்றொருவர் டாக்டர் ஜி. யு. போப். மூன்றாமவர் பேராயர் இராபர்ட் கால்டுவெல். 1968-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது, அறிஞர் அண்ணா முதலமைச்சராக இருந்த காலத்தில் எழுப்பப்பட்ட சிலைகள் இவை.

எங்கள் தமிழாசிரியை ஒரு நாள் எங்களை அங்கே அழைத்துச் சென்றார். ஒவ்வொரு சிலையின் முன்னும் நிறுத்தி, இவரைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டார். வீரமாமுனிவர் என்றதும் தேம்பாவணி என்றோம். போப் என்றதும் திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் பெயர்த்தவர் என்றோம். கால்டுவெல் சிலையருகே வந்ததும் எல்லாரும் ஒரே குரலில் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் என்று சொல்லிவிட்டு வாய் மூடி நின்றோம். ஒரு மதிப்பெண் வினாவுக்கு அவ்வளவு போதும். ஆனால் ஒரு மனிதரின் 77 ஆண்டு வாழ்வுக்கு அது போதுமா? வெட்கம் எங்களைச் சூழ்ந்தது.

அப்போது எங்கள் தோழி ஒருத்தி மெதுவாகப் பேசினாள். அவளுடைய பாட்டியின் ஊர் திசையன்விளைப் பக்கம். கால்டுவெல் வாழ்ந்த இடையன்குடி அங்கிருந்து தொலைவில் இல்லை. அவர் பெயரைச் சொன்னால் பாட்டி கைகூப்புவாராம். தாத்தாவோ முகத்தைத் திருப்பிக்கொள்வாராம். ஒரே வீட்டில் ஒரே மனிதருக்கு வணக்கமும் வருத்தமும் ஏன்? அதை அறிந்துகொள்ள முயன்றோம். நாங்கள் அறிந்ததை இங்கே எழுதுகிறோம்.

இளமையும் கல்வியும்

கால்டுவெல் 1814-ஆம் ஆண்டு மே மாதம் 7-ஆம் நாள் அயர்லாந்து நாட்டில் ஆண்ட்ரிம் நகருக்கு அருகில் கிளாடி என்னும் சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் ஸ்காத்லாந்து நாட்டினர், வசதி குறைந்தவர். மகனுக்குப் பத்து வயதானபோது குடும்பம் ஸ்காத்லாந்தின் கிளாஸ்கோ நகருக்குத் திரும்பியது. சிறுவயதிலேயே அவருக்கு நூல்கள் மீது தீராத பற்று. பின்னர் தம் தமையனுடன் டப்ளின் நகரில் தங்கி ஓவியக் கலை பயின்றார். ஓவியராக வாழ்வு தொடங்க வேண்டிய இளைஞரின் உள்ளம் சமயப் பணியை நாடியது. 1834-இல் இலண்டன் மிஷன் சங்கத்தில் சேர்ந்தார். அச்சங்கத்தார் அவரைக் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் படிக்க வைத்தனர்.

அங்கே கிரேக்க மொழிப் பேராசிரியராக விளங்கிய சர் டேனியல் சாண்ட்போர்டு என்பவர், மொழிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் கற்பிக்கும் வழக்கமுடையவர். கிரேக்கத்துக்கும் இலத்தீனுக்கும் வடமொழிக்கும் உள்ள உறவு ஐரோப்பிய அறிஞரைப் பெரிதும் கவர்ந்திருந்த காலம் அது. அப்பேராசிரியரின் வகுப்பறையில் விழுந்த வித்துதான், பின்னர் தமிழ் மண்ணில் மரமாக வளர்ந்தது. நல்ல ஆசிரியர் ஒருவர் மாணவர் உள்ளத்தில் இடும் வித்து எங்கே சென்று முளைக்கும் என்று யாரால் சொல்ல முடியும்?

கடற்பயணமும் சென்னை வாழ்வும்

பட்டம் பெற்ற 1837-ஆம் ஆண்டிலேயே அவர் 'மேரி ஆன்' என்னும் கப்பலில் இந்தியாவுக்குப் புறப்பட்டார். கப்பல் இங்கிலாந்துக் கரையைக் கடந்து நெடுந்தூரம் செல்வதற்குள்ளேயே பிரெஞ்சுக் கப்பல் ஒன்றுடன் மோதியது. பழுதுபார்த்த பின்னரே பயணம் தொடர்ந்தது. அக்கப்பலில் சி. பி. பிரௌன் என்னும் அறிஞரும் வந்தார். ஆந்திர மக்கள் இன்றும் போற்றும் தெலுங்கு அகராதியைத் தந்தவர் அவர். மாதக்கணக்கில் நீண்ட அப்பயணத்தில் அவரோடு பழகும் பேறு கால்டுவெல்லுக்குக் கிடைத்தது. தென்னாட்டு மொழிகளைப் பற்றிய முதற்பாடங்களை அவர் கடலின் மீதே கற்றார் எனலாம்.

1838-ஆம் ஆண்டு ஜனவரி 8-ஆம் நாள் அவர் சென்னையை அடைந்தார். அந்நாளில் சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கடலிலேயே நங்கூரமிட, பயணிகள் மசூலாப் படகுகளில் ஏறி அலைகளோடு போராடிக் கரை சேர்ந்தனர். இன்று அவர் சிலை நிற்பதும் அதே வங்கக் கடலின் கரையில்தான் என்பதை எண்ணும்போது எங்களுக்கு வியப்பாக இருந்தது.

சென்னையில் மூன்றரை ஆண்டுகள் தங்கித் தமிழ் பயின்றார். திருக்குறளின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்த துரூ ஐயர் முதலிய தமிழறிந்த பாதிரிமாரின் நட்பு அவருக்குத் துணை நின்றது. இக்காலத்தில் அவர் உள்ளம் இங்கிலாந்துத் திருச்சபையின் பக்கம் சாய்ந்தது. அதுவே ஆங்கிலிக்கன் திருச்சபை எனப்படுவது. 1841-இல் அதில் சேர்ந்து, அச்சபையைச் சார்ந்த எஸ்.பி.ஜி. சங்கத்தின் பணியாளர் ஆனார். நெல்லைச் சீமையில் இடையன்குடி என்னும் ஊர் அவருக்கு ஒதுக்கப்பட்டது.

கால்நடையாக ஒரு நெடும்பயணம்

அக்காலத்தில் ஐரோப்பியர் பல்லக்கிலோ குதிரையிலோ பயணம் செய்வதே வழக்கம். கால்டுவெல்லோ நடந்தே செல்லத் துணிந்தார். மக்களோடு நடந்தால்தான் மக்களை அறிய முடியும், அவர்கள் பேச்சைக் கேட்டால்தான் தமிழ் வசப்படும் என்பது அவர் கருத்து. சென்னையிலிருந்து தரங்கம்பாடி, கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி வழியாகச் சென்று நீலகிரி மலையேறினார். அங்கே 1841 செப்டம்பரில் சென்னை அத்தியட்சராகிய ஸ்பென்சர் அவருக்குக் குருப்பட்டத்தின் முதற்படியாகிய தியாக்கோன் பட்டம் அளித்தார். பின்னர் கோயம்புத்தூர், மதுரை வழியாகத் திருநெல்வேலியை அடைந்து, அவ்வாண்டின் இறுதியில் இடையன்குடிக்குப் போய்ச் சேர்ந்தார்.

மயிலாப்பூரிலிருந்து அடையாறு செல்லப் பேருந்து சிறிது தாமதித்தாலே முணுமுணுக்கும் நாங்கள், 27 வயது இளைஞர் ஒருவர் சோழ நாடும் கொங்கு நாடும் பாண்டி நாடும் காலால் அளந்த கதையைப் படித்தபோது வாயடைத்துப் போனோம். அடியெடுத்து வைத்த ஊர்தோறும் அவருக்குப் புதுப்புது வழக்குச் சொற்கள் கிடைத்திருக்கும். பின்னாளில் அவர் எழுதிய இலக்கண நூலுக்கு முன்னுரை இந்தச் சாலைகளிலேயே எழுதப்பட்டுவிட்டது என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

இடையன்குடி

நம்மில் பலர் உவரி அந்தோணியார் திருத்தலத்துக்குச் சென்றிருப்போம். அதற்கு அருகில் உள்ளதுதான் இடையன்குடி. தேரி என்று அழைக்கப்படும் செம்மணல் பரந்த நிலம் அது. வெயிலில் மணல் காலைச் சுடும். காற்றடித்தால் மண்மாரி பொழியும். அங்கே மக்களுக்கு வாழ்வளித்தது பனைமரமே. ஆண்கள் நாள்தோறும் பல மரங்கள் ஏறி இறங்கிப் பதநீர் இறக்குவர். பெண்கள் அதைக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குவர். உழைப்பு மிகுதி, கூலியோ குறைவு.

அவ்வூரில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கால்டுவெல் வாழ்ந்தார். ஒழுங்கின்றிக் கிடந்த ஊரை நேரான தெருக்களாக அமைத்தார். கிணறுகள் தோண்டச் செய்தார், நிழல் தரும் மரங்கள் நடச் செய்தார், பள்ளிகளை ஏற்படுத்தினார். 1847-இல் தூய திரித்துவ ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டினார். பொருள் கிடைத்தபோது கட்டுவதும் கிடைக்காதபோது நிறுத்துவதுமாக அவ்வாலயப் பணி நடந்தது. 1880-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் நாள்தான் அது அர்ச்சிக்கப்பட்டது. ஓர் ஆலயம் எழ 33 ஆண்டுகள்! அடிக்கல் நாட்டியபோது 33 வயதாக இருந்தவர், அது நிறைவேறியபோது 66 வயது முதியவராகிவிட்டார்.

எலிசா அம்மையார்

ஒரு பெண்கள் பள்ளியின் ஆண்டு மலரில் எலிசா அம்மையாரைப் பற்றி எழுதாமல் விட்டால் எங்கள் கட்டுரை நிறைவு பெறாது. நாகர்கோவிலில் 1819 முதல் பணியாற்றிய மால்ட் ஐயரின் மகள் அவர். 1844-இல் கால்டுவெல்லை மணந்தார். தென்னாட்டு மண்ணில் வளர்ந்தவராதலால் தமிழ் அவருக்குத் தாய்மொழி போலவே சரளமாக வந்தது. கணவர் நூல்களிலும் சாலைகளிலும் தேடிக் கற்ற தமிழ், மனைவியின் நாவில் இயல்பாகத் தவழ்ந்தது.

பெண்பிள்ளைகளுக்குப் படிப்பு எதற்கு என்று எல்லாரும் கேட்ட காலத்தில் எலிசா அம்மையார் இடையன்குடியில் பெண்களுக்கு உண்டுறைப் பள்ளி நடத்தினார். அவருடைய தாயார் மார்த்தா அம்மையார் நாகர்கோவிலில் ரேந்தை பின்னும் தொழிலைத் தொடங்கி வைத்தவர். மகள் அத்தொழிலை இடையன்குடிக்குக் கொண்டுவந்தார். பெண்கள் பின்னிய ரேந்தை கடல் கடந்து விலைபோயிற்று. ஓர் ஏழைப் பெண் தன் கையால் ஈட்டிய காசைத் தன் கையில் பிடித்துப் பார்ப்பது எத்துணைப் பெரிய விடுதலை! ஏறத்தாழ இதே காலத்தில், 1842-இல், அயர்லாந்திலிருந்து பிரசென்டேஷன் சபைக் கன்னியர் சென்னைக்கு வந்து பெண் கல்விப் பணியைத் தொடங்கினர். சபைகள் வேறு, ஊர்கள் வேறு. ஆனால் இருவர் கையிலும் இருந்த விளக்கு ஒன்றே. அந்த விளக்கின் ஒளியில்தான் நாங்கள் இன்று இந்தக் கட்டுரையை எழுதுகிறோம்.

ஒப்பிலக்கணம்

இப்போது எங்கள் ஒரு மதிப்பெண் விடைக்கு வருகிறோம். இந்திய மொழிகள் யாவும் வடமொழியிலிருந்து பிறந்தவை என்றே அந்நாளில் அறிஞர் பலர் எண்ணினர். சென்னையில் கலெக்டராயிருந்த எல்லிஸ் துரை என்னும் தமிழறிஞர் மட்டும் 1816-இலேயே தென்னாட்டு மொழிகள் தனிக்குடும்பம் என்று எழுதினார். ஆனால் அவர் விரைவில் மறைந்தார். அக்கருத்தும் விரிவு பெறாமல் நின்றது. அதை இலக்கணச் சான்றுகளால் நிலைநாட்டியவர் கால்டுவெல். அவர் எழுதிய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856-இல் இலண்டனில் வெளிவந்தது. பெரிதும் விரிவாக்கிய இரண்டாம் பதிப்பு 1875-இல் வந்தது.

அவர் கையாண்ட முறை எளிதில் விளங்கக்கூடியது. அண்டை வீட்டாரிடம் பாத்திரத்தைக் கடன் வாங்கலாம். முகச்சாயலைக் கடன் வாங்க முடியாது. மொழியும் அப்படித்தான். சமயம், அரசு, கலை ஆகியவற்றுக்குரிய சொற்களைப் பிறமொழியிலிருந்து எளிதில் பெறலாம். ஆனால் கண், கல் போன்ற அன்றாடச் சொற்களும், எண்ணுப் பெயர்களும், நான் நீ என்னும் இடப்பெயர்களும், வினைச்சொல் அமையும் முறையும் எளிதில் கடனாக வருபவை அல்ல. ஆகவே உறவு அறிய அவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

நாங்களே செய்து பார்த்தோம். எங்கள் வகுப்பில் தெலுங்கும் மலையாளமும் கன்னடமும் வீட்டில் பேசும் தோழியர் இருக்கின்றனர். தமிழில் மூன்று என்கிறோம்; மலையாளத்தில் மூந்நு; கன்னடத்தில் மூரு; தெலுங்கில் மூடு. தமிழில் கண், கன்னடத்தில் கண்ணு, தெலுங்கில் கன்னு. நால்வரும் ஒரே தாயின் பிள்ளைகள் என்று முகமே சொல்லிவிட்டது.

இன்னுமொரு செய்தி எங்களை மிகவும் கவர்ந்தது. நாம் என்றால் கேட்பவரையும் சேர்த்துச் சொல்கிறோம். நாங்கள் என்றால் கேட்பவரை விலக்கிச் சொல்கிறோம். தெலுங்கிலும் மனமு, மேமு என்று இவ்வேறுபாடு உண்டு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். வடமொழியிலும் இவ்வேறுபாடு இல்லை. இதனையும் திராவிட மொழிகளின் தனி இயல்புகளில் ஒன்றாகக் கால்டுவெல் எடுத்துக் காட்டினார். பிறந்தது முதல் நாம் வாயில் வைத்திருக்கும் ஒரு சொல்லின் பெருமையை அயர்லாந்தில் பிறந்தவர் வந்து நமக்குச் சொல்ல வேண்டியிருந்தது!

தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம், துளு, குடகு என்னும் திருந்திய மொழிகள் ஆறு. தோடர், கோத்தர், கோண்டு, கந்தர் முதலிய மலைவாழ் மக்கள் பேசும் மொழிகள் ஆறு. ஆகப் பன்னிரண்டு மொழிகளை அவர் தம் இரண்டாம் பதிப்பில் ஒப்பிட்டார். வடமொழிச் சொற்களை நீக்கினாலும் தமிழ் தனித்து இயங்க வல்லது என்று காட்டினார். அவர் சொன்னவை யாவும் இன்று ஏற்கப்படவில்லை. திராவிட மொழிகளை நடு ஆசியாவின் சித்திய மொழிகளோடு உறவுபடுத்திய அவர் கருத்தை இன்றைய அறிஞர் பெரும்பாலும் ஒப்புவதில்லை. ஆனால் அவர் இட்ட அடித்தளம் அசையவில்லை. 1961-இல் பர்ரோ, எமனோ என்னும் இரு பேராசிரியர் வெளியிட்ட திராவிட வேர்ச்சொல் அகராதியும் அவ்வடித்தளத்தின் மேல் எழுந்ததே. 2004-ஆம் ஆண்டு தமிழ் செம்மொழியாக அறிவிக்கப்பட்டபோது கால்டுவெல்லின் பெயரும் நன்றியோடு நினைக்கப்பட்டது.

கிளாஸ்கோ பல்கலைக்கழகம் தன் பழைய மாணவருக்கு டாக்டர் பட்டம் அளித்துப் பாராட்டியது. அவர் அத்தோடு ஓயவில்லை. தமிழ் விவிலியத்தைத் திருத்தி அமைத்த குழுவில் பல ஆண்டுகள் உழைத்தார். கொற்கையிலும் காயலிலும் மண்ணைத் தோண்டிப் பாண்டியரின் பழந்துறைமுகங்களின் சுவடு தேடினார். 1881-இல் திருநெல்வேலி வரலாற்றை நூலாக எழுதினார்.

தாத்தாவின் வருத்தம்

இனி, எங்கள் தோழியின் தாத்தா முகம் திருப்பிய காரணத்தைச் சொல்ல வேண்டும். இதை எழுதலாமா வேண்டாமா என்று எங்களுக்குள்ளே வாதம் நடந்தது. பெரியோரைப் பற்றி எழுதும்போது குறை சொல்லலாகாது என்றனர் சிலர். உண்மையை மறைத்தால் அது வரலாறு ஆகாது என்றனர் சிலர். கடைசியில், நீங்களே முடிவு செய்யுங்கள் என்று எல்லாரும் அந்தத் தோழியைப் பார்த்தோம். எழுதுங்கள் என்றாள் அவள்.

இடையன்குடி வந்து எட்டு ஆண்டுகள் சென்றபின், 1849-இல், கால்டுவெல் ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். பனைத் தொழில் செய்து வாழ்ந்த, இன்று நாடார் என அழைக்கப்படும் சமூகத்தாரைப் பற்றிய நூல் அது. அவர்கள் இலங்கையிலிருந்து வந்து குடியேறியவர்கள் என்றும், அறிவிலும் பண்பாட்டிலும் தாழ்ந்தவர்கள் என்றும் அதில் எழுதினார். அவர்களுடைய வழிபாட்டையும் இழிவாகக் குறித்தார். கடல் கடந்த நாட்டில் உள்ளோர் மிஷன் பணியின் தேவையை உணர வேண்டும் என்ற எண்ணத்தோடு அவர் எழுதியிருக்கலாம். ஆனால் அதைப் படித்தவர்கள் அவர்கள் மட்டும் அல்லர். பள்ளிகளில் கற்றுத் தேர்ந்த அச்சமூகத்தின் பிள்ளைகளும் படித்தனர். தங்கள் தந்தையரையும் தாயரையும் பற்றி, தங்களுக்கு ஞானத்தந்தையாக விளங்கிய ஒருவர் இவ்வாறு எழுதியிருப்பதைக் கண்டு உள்ளம் கொதித்தனர்.

எதிர்ப்பு எழுந்தது. அருமைநாயகம் சட்டம்பிள்ளை என்பவர் வெள்ளைப் பாதிரிமாரின் சபையை விட்டு விலகி, 1857-இல் நாசரேத் அருகே தனியாக ஒரு சபையையே நிறுவினார். அந்நூலைக் கண்டித்து அச்சமூகத்தார் பலர் பின்னரும் எழுதினர், விண்ணப்பங்கள் அனுப்பினர். கால்டுவெல் முதியவரான காலம் வரை அந்த வருத்தம் தணியவில்லை. எங்கள் தோழியின் தாத்தாவைப் பார்த்தால், இன்னும் முழுமையாகத் தணியவில்லை என்றே தோன்றுகிறது.

நாங்கள் நெடுநேரம் இதைப் பற்றிப் பேசினோம். சொல்லின் வேரை அத்துணைப் பொறுமையாகத் தேடியவர், அச்சொல்லைப் பேசிய மனிதரைப் பற்றி ஏன் இத்துணை விரைவாகத் தீர்ப்புக் கூறினார்? மொழிக்கு அவர் கொடுத்த மதிப்பை மக்களுக்கும் கொடுத்திருக்கலாகாதா? தாம் வந்து உயர்த்தும் வரை இவர்கள் தாழ்ந்தே கிடந்தார்கள் என்ற எண்ணம் அக்காலத்து ஐரோப்பியர் பலருக்கு இருந்தது. நல்லவரான அவரையும் அந்த எண்ணம் விட்டுவைக்கவில்லை.

ஆனால் மற்றொன்றையும் நினைத்துப் பார்த்தோம். அந்நூலைப் படித்து மறுப்பு எழுதும் ஆற்றல் அவர்களுக்கு எங்கிருந்து வந்தது? மிஷன் பள்ளிகளிலிருந்துதானே? அவர்கள் அக்கல்வியைக் கொண்டே தங்கள் மானத்தைக் காத்துக்கொண்டனர். ஆசிரியரிடமே கற்று, ஆசிரியர் தவறியபோது அதை எடுத்துச் சொல்வதும் கல்வியின் பயன் அல்லவா? பாட்டியின் கைகூப்புதலும் நியாயம். தாத்தாவின் முகத்திருப்பலும் நியாயம் என்று எங்களுக்கு விளங்கியது.

ஆயர் பணி

நம் திருச்சபையில் ஆயர் என்று சொல்வதை அன்று அவர்கள் அத்தியட்சர் என்றனர். இன்று அவர்கள் பேராயர் என்கின்றனர். 1877-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் நாள் கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் கால்டுவெல்லுக்கு அத்தியட்சர் பட்டம் அளிக்கப்பட்டது. அதே நாளில் நெல்லைச் சீமையின் மற்றொரு தொண்டரான சார்ஜெண்ட் ஐயரும் அப்பட்டம் பெற்றார். திருநெல்வேலிக்கென்று தனி மறைமாவட்டம் அப்போது இல்லை. அது 1896-இல்தான் ஏற்பட்டது. ஆகையால் இருவரும் சென்னை அத்தியட்சருக்குத் துணைவர்களாகவே பணியாற்றினர்.

பட்டம் கிடைத்த காலமோ கொடிய காலம். 1876 முதல் 1878 வரை தென்னாட்டைப் பெரும் பஞ்சம் வாட்டியது. பசியால் வாடிய மக்களுக்கு உதவும் பணியில் 62 வயதான புதிய அத்தியட்சர் இறங்கினார். அவர் தலை மீது ஏறிய முதற் சுமை பசித்தவர்களின் கவலையே.

1883-இல் அவர் தூத்துக்குடிக்குச் சென்றார். சாயர்புரத்தில் இயங்கிய கல்லூரி அவ்வாண்டில் தூத்துக்குடிக்கு மாற்றப்பட்டது. அந்நகரில் இன்றும் அவர் பெயரால் பள்ளி நடைபெறுகிறது. முதுமை வந்து உடல் தளர்ந்ததும் 1891 ஜனவரியில் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றார். பிறந்த நாட்டுக்குத் திரும்பிச் சென்று இளைப்பாறியிருக்கலாம். அவர் செல்லவில்லை. கோடைக்கானல் மலையில் தங்கியிருந்தபோது 1891-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். அவருடைய உடல் மலையிலிருந்து இறக்கப்பட்டு, அவர் 33 ஆண்டு பாடுபட்டுக் கட்டிய இடையன்குடி ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டது. எலிசா அம்மையாரும் பின்னர் அங்கேயே துயில் கொண்டார்.

அவர் சார்ந்திருந்த ஆங்கிலிக்கன் சபை, 1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள் நம் சென்னைக் கதீட்ரல் சாலையில் உள்ள தூய ஜார்ஜ் பேராலயத்தில் வேறு சில சபைகளோடு இணைந்து, தென்னிந்தியத் திருச்சபை ஆயிற்று. மெரினாவில் நிற்கும் சிலை அத்திருச்சபையின் அன்பளிப்பு. இடையன்குடியில் அவர் வாழ்ந்த இல்லத்தைத் தமிழ்நாட்டரசு நினைவில்லமாகப் பேணுகிறது. 2010-இல் இந்திய அஞ்சல்துறை அவர் நினைவாகத் தபால்தலை வெளியிட்டது.

நாம் கற்கும் பாடம்

இக்கட்டுரையை முடிக்குமுன் நாங்கள் மீண்டும் ஒரு மாலையில் மெரினாவுக்குச் சென்றோம். நீண்ட அங்கியுடன் நின்ற அவரை இப்போது எங்களுக்குத் தெரியும். கிளாஸ்கோவில் படித்த மாணவர், சாலையெல்லாம் நடந்த இளைஞர், 33 ஆண்டு ஆலயம் கட்டியவர், நம் மொழிக்கு அதன் குடும்பத்தைக் காட்டியவர், ஒரு தவறும் செய்தவர். எங்கள் தோழியும் எங்களோடு நின்றாள். அவள் சிலையை நோக்கிக் கைகூப்பவும் இல்லை; முகம் திருப்பவும் இல்லை. நேராகப் பார்த்தாள். பிறகு, தாத்தாவிடம் இந்தக் கட்டுரையைப் படித்துக் காட்டப் போவதாகச் சொன்னாள்.

அன்புத் தோழியரே, பெரியோரிடம் கற்க வேண்டியவை இரண்டு. அவர்கள் ஏறிய உயரத்தைப் பார்த்து நாமும் ஏற முயல வேண்டும். அவர்கள் கால் இடறிய இடத்தைப் பார்த்து நாம் கவனமாக நடக்க வேண்டும். நம் வகுப்பிலும், பள்ளியிலும், தெருவிலும் நம்மைவிட எளியவர்களைப் பற்றிப் பேச நேரும்போது, அவர்களும் அதைக் கேட்கிறார்கள் என்று எண்ணிப் பேசுவோம். தமிழ் நமக்கு இரண்டு சொற்களைத் தந்திருக்கிறது. நாங்கள் என்று சொல்லி ஒருவரை வெளியே நிறுத்துவதைவிட, நாம் என்று சொல்லி உள்ளே அழைப்பதே நமக்கு அழகு.

வாழ்க தமிழ்! வளர்க கால்டுவெல் ஐயரின் நற்றொண்டு!